முதலில் வகுப்பு, பிறகு விண்ணப்பம்: பி.எம்.இ.ஜி.பி. கடனும் ஆர்செட்டி பயிற்சியும், பயன்படுத்தியவனின் மதிப்பீடு

கிராமத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆலை ஒன்றைத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன. அதற்கு உதவிய இரண்டு அரசுச் சேவைகளைப் பற்றிய மதிப்பீடு இது. ஒன்று, பி.எம்.இ.ஜி.பி. என்று வழங்கும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். மற்றொன்று, ஆர்செட்டி எனப்படும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் நடத்தப்படும் தொழில்முனைவோர் பயிற்சி. முதலாவதைப் பற்றி விசாரிக்காதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. செக்கைப் பார்க்க வருகிறவர்களின் முதல் கேள்வியே ‘மானியம் எவ்வளவு கிடைத்தது?’ என்பதுதான். இரண்டாவதை, கடன் வாங்குவதற்காகச் சகித்துக்கொள்ள வேண்டிய ஒரு சடங்கு என்றே பலரும் எண்ணுகிறார்கள். என் கணக்கு வேறு. மானியம் எனக்குக் கொடுத்ததைவிட, பயிற்சி என்னை இழக்கவிடாமல் காப்பாற்றிய தொகை பெரியது. எப்படி என்பதைக் கடைசி ரூபாய் வரை சொல்ல முடியும்.

முதலில் திட்டத்தின் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். முன்பிருந்த இரண்டு சுயவேலைவாய்ப்புத் திட்டங்களை ஒன்றாக்கி, 2008ஆம் ஆண்டு மத்திய அரசு இதைக் கொண்டுவந்தது. தேசிய அளவில் காதி மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையம் பொறுப்பு வகிக்கிறது. மாவட்டத்தில் மாவட்டத் தொழில் மையம், காதி வாரியம் ஆகியவை விண்ணப்பங்களைப் பரிசீலித்து வங்கிக்கு அனுப்புகின்றன. 2022ஆம் ஆண்டு முதல் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையும் திட்ட மதிப்பீடு இருக்கலாம். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதமும் கிராமத்தில் 25 சதவீதமும் மானியம் உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு இது நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம். சொந்த முதலீடாகப் பொதுப் பிரிவினர் 10 சதவீதமும் சிறப்புப் பிரிவினர் 5 சதவீதமும் போட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். புதிய தொழிலாக இருக்க வேண்டும். ஏற்கெனவே நடக்கும் கடையை இதற்குள் கொண்டுவர முடியாது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். விண்ணப்பம் இணையவழியில் மட்டுமே. அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பேருந்து நிலையச் சுவர்களில் ‘கடன் வாங்கித் தரப்படும்’ என்று ஒட்டியிருக்கும் எண்களை அழைக்கும் எண்ணமுள்ளவர்கள் இந்தக் கடைசி வரியை மறுமுறை படிக்க வேண்டுகிறேன்.

என் திட்ட மதிப்பீடு 9,00,000 ரூபாய். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவன், கிராமத்தில் தொழில் என்பதால் 35 சதவீத மானியம், அதாவது 3,15,000 ரூபாய். நான் போட்டது 45,000. வங்கி வழங்கிய கடன் 8,55,000.

மானியம் என்ற சொல் நம் ஊர்களில் ஒரு காலத்தில் வரியில்லாமல் விடப்பட்ட நிலத்தைக் குறித்தது. கையில் வந்ததும் அனுபவிக்கத் தொடங்கிவிடலாம் என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதாலோ என்னவோ, பி.எம்.இ.ஜி.பி. மானியத்தையும் மக்கள் அப்படியே புரிந்துகொள்கிறார்கள். இது கைக்கு வரும் பணமே அல்ல. அந்தத் தொகை வங்கியில் நம் பெயரில் மூன்று ஆண்டுகளுக்கு வைப்பாகப் பூட்டி வைக்கப்படும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. கடனில் அதற்குச் சமமான பகுதிக்கு வங்கியும் வட்டி போடாது. மூன்று ஆண்டுகள் கழித்து நேரில் வந்து சரிபார்த்து, தொழில் நடந்துகொண்டிருந்தால்தான் அந்தத் தொகை கடனில் கழிக்கப்படும். 1980களில் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் நடந்தபோது, மானியம் வாங்குவதற்காக ஒரே எருமை நான்கு வீடுகளில் கட்டிவைத்துக் காட்டப்பட்டது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தக் காலத்துப் பாடத்திலிருந்து வந்த பூட்டு இது என்று கொள்ளலாம். ஏற்பாடு நியாயமானதுதான். ஆனால் தொழில் தொடங்கும் நாளில், மூச்சு முட்டும் முதல் ஆறு மாதங்களில், இந்த மூன்று லட்சம் ரூபாய் மூலப்பொருள் வாங்க உதவாது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மானியம் விதைநெல் அல்ல, கதிர் அறுத்த பிறகு களத்துமேட்டில் கிடைக்கும் பங்கு.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். இந்தத் திட்டத்தில் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல் கடன் பெறுகிறவர்கள் பத்து நாள் தொழில்முனைவோர் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்பது விதி. நான் அதை ஓர் ஆர்செட்டியில் முடித்தேன். இந்த நிறுவனங்களின் வேர் கர்நாடகத்தில், தர்மஸ்தலத்துக்கு அருகே உள்ள உஜிரே என்ற சிற்றூரில் இருக்கிறது. தர்மஸ்தல அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து 1982ஆம் ஆண்டு அங்கே தொடங்கிய ருட்செட்டி என்ற பயிற்சி நிலையம், வேலையற்ற கிராமத்து இளைஞர்களைத் தங்கவைத்து, சோறு போட்டு, கட்டணம் வாங்காமல் பயிற்சி தந்து, பிறகு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து விசாரிக்கும் முறையை உருவாக்கியது. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2009ஆம் ஆண்டு அதே அச்சில் மாவட்டத்துக்கு ஒன்று என்று நாடெங்கும் நிறுவ முடிவு செய்தபோது, அவற்றை நடத்தும் பொறுப்பு வங்கிகளிடமே ஒப்படைக்கப்பட்டது. பயிற்சி கொடுப்பவரும் கடன் கொடுப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இடைவெளி குறையும் என்பது அதன் நோக்கம். அந்த இடைவெளி எவ்வளவு குறைந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தங்குமிடம் எளிமையானது, சுத்தமானது. சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் நாளிலிருந்து சாம்பார் ஒரே சாம்பாராக இருந்தது என்பதைத் தவிர. காலையில் வழிபாடு, வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும் சிரமதானம், அதன்பின் ‘மில்லி’ என்று அவர்கள் அழைக்கும் ஒரு சுற்று. முதல் நாள் கற்றதில் மிக முக்கியமான ஒன்றை ஒவ்வொருவரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். எங்கள் அணியில் முப்பத்திரண்டு பேர். நான்கு பேருக்கு முன்னால் நின்று பேசியே பழக்கமில்லாத பெண்கள், பத்தாம் நாள் தங்கள் சரக்கின் விலையை ஏன் குறைக்க முடியாது என்று பயிற்றுநரோடு வாதாடியதைப் பார்த்தபோது, வெறும் நேரப்போக்கு என்று நான் நினைத்திருந்த அந்தச் சுற்றின் பயன் புரிந்தது.

பயிற்சியின் உயிர்நாடி இரண்டு விளையாட்டுகள். முதலாவது, வளையம் எறிதல். அறையின் ஒரு முனையில் ஒரு முளை. தரையில் அடிக்கணக்கில் கோடுகள். எந்தக் கோட்டில் நின்று எறிவது என்பது அவரவர் விருப்பம். தூரம் கூடக்கூட மதிப்பெண் கூடும். நான் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று எறிந்து, மூன்று சுற்றிலும் சுழியம் வாங்கினேன். தையல் தொழில் தொடங்கவிருந்த ஒரு பெண்மணி முதல் சுற்றில் நான்கடியில் நின்றார். விழுந்த வளையங்களை எண்ணிப் பார்த்து, இரண்டாவது சுற்றில் ஆறடிக்கும் மூன்றாவதில் ஏழடிக்கும் நகர்ந்தார். அன்றைய ஆட்டத்தில் அவரே முதலிடம். பயிற்றுநர் வியாக்கியானம் எதுவும் செய்யவில்லை. “தம்பி, நீங்க ஏன் ஒரு தடவைகூட இடம் மாறலை?” என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு தூக்கமும் இல்லை.

இந்த விளையாட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்கிலெலண்ட், சாதிக்க வேண்டும் என்ற உந்துதலைப் பயிற்சியால் வளர்க்க முடியும் என்ற தம் கருத்தை 1960களின் நடுவில் ஆந்திரத்தின் காக்கிநாடாவைச் சேர்ந்த சிறு வணிகர்களிடம் சோதித்தார். ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தில் அவர்களுக்கு வகுப்புகள் நடந்தன. எட்டாத தூரத்தையும் கைக்கெட்டும் தூரத்தையும் விட்டுவிட்டு, முயன்றால் எட்டும் நடுத்தூரத்தைத் தேர்ந்தெடுப்பதே தொழில்முனைவோரின் குணம் என்பது அவர் பார்வை. இந்தியாவின் தொழில்முனைவோர் பயிற்சிகள் பெரும்பாலும் அந்த வழிவந்தவையே. இது பழைய கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவின் தலைநகர் லோமேயில் 1,500 சிறுதொழில் செய்வோரை மூன்று குழுக்களாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு குழுவுக்குக் கணக்கு, சந்தைப்படுத்தல் போன்ற வழக்கமான வணிகப் பயிற்சி; ஒரு குழுவுக்குத் தானே முன்வந்து செயல்படும் மனப்பாங்கை வளர்க்கும் பயிற்சி; மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. 2017இல் வெளியான முடிவின்படி, மனப்பாங்குப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியிருந்தது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களிடம் உறுதியாகச் சொல்லும்படியான உயர்வு தெரியவில்லை. வளையம் எறிவதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த என் அறைத் தோழருக்கு இதைச் சொல்லியிருக்கலாம். எனக்கே அப்போது தெரியாது.

இரண்டாவது விளையாட்டு, காகிதக் கப்பல் செய்வது. காகிதத்தை விலைக்கு வாங்க வேண்டும், குறித்த நிமிடங்களில் எத்தனை கப்பல் தருவேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், வாங்குபவராக நடிக்கும் பயிற்றுநர் மடிப்புப் பிசகியதைக் கழித்துவிடுவார். நான் பதினைந்து என்று எழுதிக் கொடுத்து, ஒன்பது செய்தேன், இரண்டு கழிந்தன. ஏழு கப்பலுக்குப் பதினைந்து கப்பலின் காகிதம் வாங்கி வைத்திருந்தவன், ஏற்கெனவே தயாராகப் பையில் வைத்திருந்த தன் செக்குத் திட்ட அறிக்கையைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியது அந்த மதியத்தில்தான்.

அந்த அறிக்கை, வெளியில் ஒருவரிடம் பணம் கொடுத்து எழுதி வாங்கியது. மூன்று செக்கு, சொந்தக் கொட்டகை, திட்ட மதிப்பீடு 16 லட்சம் ரூபாய், நாளொன்றுக்கு 60 லிட்டர் விற்பனை. அறுபது என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பயிற்றுநர் கேட்டபோது, எழுதியவருக்குத்தான் தெரியும் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆறாம் நாள் சந்தை ஆய்வுக்காக எங்களை வெளியே அனுப்பினார்கள். பக்கத்து நகரத்தில் நான் பார்த்த இரண்டு செக்குகளில் ஒன்று பாதி நாள் ஓடாமல் நின்றிருந்தது. உணவகங்கள் செக்கு எண்ணெய் பக்கமே வருவதில்லை, விலை கட்டுப்படியாகாது. வாங்குகிறவர்கள் வீட்டுக்காரர்கள், அதுவும் மாதத்தின் முதல் பத்து நாள். எதிர்பாராத செய்தி ஒன்றும் கிடைத்தது: எண்ணெய்க்கு ஆள் தேட வேண்டும், புண்ணாக்குக்கு ஆள் காத்திருக்கிறார்கள். மாடு வைத்திருப்பவர்கள் செக்குப் புண்ணாக்கை முன்பணம் கொடுத்துப் பிடித்து வைக்கிறார்கள்.

பிறகு சமநிலைப் புள்ளிக் கணக்கு, அதாவது லாபமும் நட்டமும் இல்லாமல் நிற்க எவ்வளவு விற்க வேண்டும் என்ற கணக்கு. இரண்டரைக் கிலோ கடலைப் பருப்புக்கு ஒரு லிட்டர் எண்ணெய் என்பது செக்குக்காரர்களின் வாய்ப்பாடு. நான் கணக்குப் போட்ட நாளின் விலையில், பருப்பு கிலோ 120 வீதம் 300 ரூபாய். ஒன்றரைக் கிலோ புண்ணாக்கு கிலோ 40 வீதம் 60 ரூபாய் திரும்ப வரும். மீதி 240. மின்சாரமும் பாட்டிலும் 25. விற்பனை விலை 320 என்றால் லிட்டருக்கு நிற்பது 55 ரூபாய். திருத்திய ஒன்பது லட்சத் திட்டத்தில் தவணை, வாடகை, ஓர் ஆள் கூலி எல்லாம் சேர்ந்து மாதம் 30,000. ஆக, மாதத்தில் இருபத்தாறு நாள் ஓட்டினால் நாளொன்றுக்கு 21 லிட்டர் விற்றால் கையைக் கடிக்காது. பழைய பதினாறு லட்சத் திட்டத்தில் இதே செலவுகள் 55,000ஐத் தொட்டன. நாளொன்றுக்கு 38 லிட்டருக்கு மேல் விற்றாக வேண்டும். முதல் ஆண்டு முழுவதும் என் சராசரி விற்பனை 25 லிட்டரைத் தாண்டவில்லை.

திட்டத்தைச் சுருக்கியதில் 2,45,000 ரூபாய் மானியத்தை நானே வேண்டாம் என்று விட்டேன். பதினாறு லட்சத்துக்கு 5,60,000 கிடைத்திருக்கும். என் தந்தைக்கு இன்றுவரை அது ஆறவில்லை. ஆனால் பழைய அறிக்கையின்படி போயிருந்தால், முதல் ஆண்டில் மட்டும் அதைப்போன்ற ஒரு தொகையை நட்டமாகக் கட்டியிருப்பேன். பயிற்சி காப்பாற்றியது என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். இங்கே திட்டத்தின் வடிவமைப்பிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. மானியம் திட்ட மதிப்பீட்டின் சதவீதமாக இருப்பதால், மதிப்பீடு ஊதினால் மானியமும் ஊதும். விலைப்புள்ளியைக் கூட்டி எழுதித் தரும் இயந்திர விற்பனையாளர்களும் ஆலோசகர்களும் அந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள். சின்னதாகத் தொடங்கி நிலைத்து நிற்பவருக்கு இந்தத் திட்டம் முன்கூட்டித் தரும் வெகுமதி எதுவும் இல்லை. முதல் கடனை ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு விரிவாக்கத்துக்கு இரண்டாவது கடனும் மானியமும் உண்டு என்பது ஓர் ஆறுதல்.

அதைவிடப் பெரிய குறை, வரிசை. நான் விண்ணப்பிக்கும் முன்பே பயிற்சிக்குப் போனவன். அப்படிப் போனதும் பயிற்சி மையத்தில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் சொன்னதால்தான். என் அணியில் பெரும்பாலோர் கடன் ஒப்புதல் கடிதத்தோடு வந்தவர்கள். சான்றிதழ் இருந்தால்தான் வங்கி பணத்தை விடுவிக்கும் என்பதால் வந்திருந்தார்கள். அவர்களுடைய அறிக்கை ஒப்புதலாகிவிட்டது. சிலர் இயந்திரத்துக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார்கள். சமநிலைப் புள்ளி வகுப்பில் தன் கணக்கு தேறாது என்று கண்டுகொண்ட ஒரு பேக்கரிக்காரத் தம்பி நோட்டை மூடி வைத்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. சுவர் எழும்பிய பிறகு மனை சரியில்லை என்று சொல்லும் பயிற்சியால் அவருக்கு என்ன பயன்? விண்ணப்பப் படிவம் திறக்கும் முன்பே பயிற்சியைக் கட்டாயமாக்க ஒரு ரூபாயும் கூடுதலாகச் செலவாகாது.

பயிற்சியில் மெலிந்த பகுதிகளும் உண்டு. உரிமங்கள், வரி பற்றிய வகுப்பு அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை என்பதோடு நின்றுகொண்டார்கள். சமையல் எண்ணெயைத் தகரத்திலிருந்து அளந்து ஊற்றிச் சில்லறையாக விற்பதை, மாநில அரசு விலக்கு அளித்தாலொழிய, உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிப்பதில்லை என்பது கடை திறந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. எங்கள் ஊரில் தூக்குப் பாத்திரத்தோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு சங்கடம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டிலும் முகப்புச் சீட்டும் அதன் பிறகே என் செலவுப் பட்டியலில் ஒழுங்காக இடம்பெற்றன.

வங்கியைப் பற்றிச் சுருக்கமாக. என் விண்ணப்பம் போய்ச் சேர்ந்த கிளையில் முதல் சந்திப்பிலேயே வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். பத்து லட்சம் ரூபாய் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக்கூடாது என்பது அப்போதிருந்த ரிசர்வ் வங்கி விதி. 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் கடன் உத்தரவாத நிதியம் இருப்பதே அதற்காகத்தான். இதையும் பயிற்சியில்தான் அறிந்திருந்தேன். பணிவாக, ஆனால் எழுத்தில் கேட்டேன். அதன் பிறகு பத்திரப் பேச்சு எழவில்லை. கோப்பு மட்டும் மெதுவாக நகர்ந்தது. விண்ணப்பத்திலிருந்து முதல் தவணைப் பணம் வரை ஏழு மாதங்கள். மானியத் தொகை வங்கிக்கு வந்துசேர மேலும் ஐந்து மாதங்கள். அதுவரை முழுக் கடனுக்கும் வட்டி ஓடியது. பயிற்சி மையமும் வங்கியால் நடத்தப்படுவதுதான், கடன் தருவதும் வங்கிதான். இருந்தும் அங்கே கற்றுத் தரப்படும் விதி இங்கே மேசையில் இல்லை. மேலாளர் மாறியபோது நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. அவரையும் முழுதாகக் குறை சொல்ல மனம் வரவில்லை. வாராக்கடனானால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. வேலையற்ற இளைஞர்களுக்கான மாநில அரசின் யு.ஒய்.இ.ஜி.பி. திட்டத்தில் 15 லட்சம் ரூபாய் வரையிலான தொழிலுக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 3,75,000 ரூபாய் மானியம். இதில் வியாபாரத்துக்கும் இடம் உண்டு. புதிய தொழில்முனைவோருக்காக 2012இல் மாநில அரசு அறிமுகப்படுத்திய நீட்ஸ் திட்டம் பெரிய முதலீட்டுக்கு உரியது. ஐந்து கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம் மானியத்தோடு, 3 சதவீத வட்டி மானியமும் சேரும். பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினர் 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். 35 சதவீத மானியம், 6 சதவீத வட்டி மானியம் என்று அதன் சலுகைகள் மற்றவற்றைவிடக் கனமானவை. முத்ராவை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கடன் மட்டுமே, மானியம் இல்லை.

பயிற்சி முடிந்து இரண்டு ஆண்டுகள் வரை தொடர்ந்து விசாரிப்போம் என்று சொன்னதை மையம் ஓரளவு காப்பாற்றியது. மூன்று முறை தொலைபேசியில் அழைத்தார்கள், ஒருமுறை நேரில் வந்தார்கள். வந்தவர் படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார் என்று நினைத்தேன். நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டு, 27 என்றதும், எள்ளுக்குத் தனிச் செக்கு போடும் எண்ணம் இருந்தால் தீபாவளி விற்பனையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் ஆண்டு முடிவில் மானியத்தைக் கழிப்பதற்கான நேரடிச் சரிபார்ப்பு இனிமேல்தான் வரவிருக்கிறது. திட்டத்தின் பெயரெழுதி வாசலில் மாட்ட வேண்டிய பலகையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டது. அதை ஒருமுறை துடைக்க வேண்டும்.